அந்த வண்டியைச் சும்மா ஸ்டார்ட் பண்ணாதீங்க

நேற்றும் என் பட்டறையில் ஒன்று டெம்போவில் கட்டி வந்து இறங்கியது. 350 சிசி பைக், கடற்கரை ஊரான முட்டத்திலிருந்து. மீட்டரில் 4,100 கிலோமீட்டர்தான். சொந்தக்காரப் பையனுக்குக் கப்பலில் வேலை. மூன்று வருஷத்தில் அவன் ஊரில் இருந்ததே ஆறேழு மாதம். சரி, விற்றுவிடலாம் என்று ஆள் வரச்சொல்லியிருக்கிறான். வாங்க வந்த மார்த்தாண்டத்துக்காரர் ஸ்டார்ட் செய்து பார்த்தால், வண்டி இருமுகிறது, ஓட மாட்டேன் என்கிறது. 'என்ஜின் போச்சு' என்று முப்பதாயிரம் குறைத்துக் கேட்டுவிட்டு அவர் போய்விட்டார்.

"ஞாயிற்றுக்கிழமை தவறாம ஸ்டார்ட் பண்ணி ரெண்டு நிமிஷம் விடுவேனே அண்ணே" என்றான் தம்பிக்காரன்.

"அதுலதான் மக்களே போச்சு" என்றேன். அவன் நம்பவில்லை.

யாரும் நம்புவதில்லை. வெளிநாட்டுக்குப் போகிறவர்கள் வீட்டில் சொல்லிவிட்டுப் போவது இதைத்தான்: 'வாரம் ஒருதரம் ஸ்டார்ட் பண்ணி வையுங்க.' அப்பா செய்கிறார், மச்சான் செய்கிறான், ஒரு வீட்டில் எழுபது வயது அம்மாவே சாவியைத் திருகி பட்டனை அமுக்கிக்கொண்டிருந்தார். பாவம், கடமையாக நினைத்துச் செய்கிறார்கள். நிறுத்தி வைத்த வண்டியை மெல்ல மெல்லக் கொல்லும் வேலை அது.

கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன், ஏனென்றால் மாதம் நாலு தடவை வாய்வலிக்கச் சொல்கிறேன். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக வெளியே வருகிறது. இருபது கிலோமீட்டர் ஓடிய வண்டியில் சைலன்ஸர் கொதிக்கும், ஆவி ஆவியாகவே போய்விடும். ரெண்டு நிமிஷத்தில் சைலன்ஸர் சூடாகவே ஆகாது. ஆவி உள்ளேயே தண்ணீராகி அங்கேயே தங்குகிறது. என்ஜினுக்குள்ளும் அதே கதை. முட்டத்து வண்டியில் ஆயில் பார்க்கும் கண்ணாடி வழியாகப் பார்த்தேன்: ஆயிலில் தண்ணீர் கலந்து பால் டீ நிறம். சைலன்ஸரைக் கழற்றிச் சாய்த்தால் துருத்தண்ணீர் கொட்டியது. அப்புறம் பேட்டரி. ஸ்டார்ட்டர் மோட்டார் ஒரு தடவை உறிஞ்சுகிற கரண்ட்டை நின்ற இடத்திலேயே ரெண்டு நிமிஷம் என்ஜின் ஓடுவது திருப்பித் தராது. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் பேட்டரிக்கு நஷ்டக் கணக்குத்தான்.

என்ஜின் போகவில்லை. ஆயில், பில்டர், பிளக், பேட்டரி, சைலன்ஸர், நாலு நாள் வேலை, அவ்வளவுதான். ஆனால் அந்த முப்பதாயிரம் பேச்சு ஊரில் பரவிவிட்டது.

'குறைச்சல் கிலோமீட்டர், புதுசு மாதிரி' என்று வாங்கப் போகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. கடற்கரையோரம் நின்ற 4,000 கிலோமீட்டர் வண்டியைவிட, தினமும் நாகர்கோவிலுக்கு வேலைக்குப் போய் வந்த 40,000 கிலோமீட்டர் வண்டியை நான் கண்ணை மூடிக்கொண்டு எடுப்பேன். டயரின் ஓரத்தில் நாலு இலக்கம் இருக்கும். முதல் ரெண்டு இலக்கம் டயர் தயாரான வாரம், கடைசி ரெண்டு இலக்கம் வருஷம். டயர் தேயவில்லை என்று ஏமாறாமல் அதைப் படித்துப் பாருங்கள்.

நியாயமான காரணத்துக்கு விற்கிறவர்களை நான் தடுப்பதில்லை. வண்டி 195 கிலோ. நம்ம விளவங்கோடு பக்கம் பாதி வீடுகள் ரோட்டைவிடப் பள்ளத்தில். இடுப்பு வலி வந்தபிறகு அந்தச் சரிவில் வண்டியைத் தள்ளித் திருப்புவது வேடிக்கையில்லை. பிள்ளை பிறந்தபிறகு ஸ்கூட்டருக்கு மாறுகிறவர்களும் உண்டு. சரிதான். ஆளையே தள்ளும் ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்றில் போய்ப் பழகியவர்கள் கனமான வண்டியை லேசில் விட மாட்டார்கள், அதுவும் சரிதான். விற்காமலும் ஓட்டாமலும் முற்றத்தில் நிறுத்தி வைப்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

விற்பதானால் வெளிநாட்டுக்குப் போகுமுன் விற்றுவிடுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசி வரையுள்ள வண்டிகளுக்கு ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆகிவிட்டது. புதுசே விலை இறங்கிய பிறகு பழசுக்குப் பழைய விலையைப் பிடித்துக்கொண்டு நின்றால் யார் வருவார்? பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30-ஐ நிரப்பாமல் வெறும் கையெழுத்துப் போட்டு புரோக்கரிடம் கொடுத்துவிட்டு விமானம் ஏறாதீர்கள். விற்றவர் 14 நாளுக்குள் ஆர்டிஓ ஆபீசுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. ஆர்சி-யில் உங்கள் பெயர் இருக்கும்வரை விபத்து நஷ்டஈடு உங்கள் தலையில்தான். 2018-இல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. கேரளத்துப் பாறசாலைக்காரருக்கு விற்றால் நம்ம ஆர்டிஓ ஆபீஸ் தரும் தடையில்லாச் சான்றும் (என்ஓசி) வேண்டும்.

வைத்திருப்பதானால் ரெண்டே வழி. லைசென்ஸ் உள்ள ஒருவர் பதினைந்து நாளுக்கு ஒருமுறை முட்டத்திலிருந்து தக்கலை வரையாவது ஓட்டிப் போய் வரட்டும். இன்சூரன்ஸ் முடியாமல் பார்த்துக்கொள்ளுங்கள். முடிந்து 90 நாள் தாண்டினால், கிளெய்ம் வாங்காததற்குப் பிரீமியத்தில் கிடைக்கிற தள்ளுபடி போனஸும் போச்சு. அப்படி ஆள் இல்லையென்றால் வண்டியைத் தொடவே தொடாதீர்கள். நல்ல தண்ணீரில் உப்பு போகக் கழுவி, முழுக்கக் காயவிட்டு, செயினுக்கு எண்ணெய். டேங்க் நிறைய பெட்ரோல். அரை டேங்க் என்றால் மேல்பாதி துருப்பிடிக்கும். பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றுங்கள். சென்டர் ஸ்டாண்டில் நிறுத்துங்கள். பிளாஸ்டிக் கவர் வேண்டவே வேண்டாம், பழைய பருத்தி வேட்டி போதும், காற்றோட்டம் இருக்கும்.

எலி புகாமல் சைலன்ஸர் வாயில் துணி அடையுங்கள். திரும்பி வந்ததும் தயவுசெய்து எடுங்கள். போன வருஷம் மணவாளக்குறிச்சியில் ஒருவர், வண்டி ஸ்டார்ட்டே ஆகவில்லை, என்ஜின் போச்சு என்று காலை ஆறு மணிக்குக் கூப்பிட்டார். போய் அந்தத் துணியை உருவிக் கையில் கொடுத்தேன். "அட, இதுவா!" என்று சிரித்துவிட்டு அவர் எனக்கு ஒரு கட்டன்சாயா போட்டுத் தந்தார். கூலி என்னவென்று கேட்கவில்லை.