மோட்டார் நிற்கும்போது ‘டம்’ என்று கேட்கிறதா?

கடலூர் தேவனாம்பட்டினத்தில் ஒரு வீடு. மாடித் தொட்டிக்கு ஏறும் ஒரு இஞ்ச் ஜி.ஐ. பைப் (துத்தநாகம் பூசிய இரும்பு பைப்), எல்போ என்கிற வளைவுத் துண்டை ஒட்டிக் கசிந்துகொண்டிருந்தது. “போன மாசம்தான் தம்பி எம்சீல் வச்சு அடைச்சாங்க. இப்ப அதுக்குக் கீழ ஒழுகுது” என்றார் அந்த வீட்டு அம்மா. மோட்டாரைப் போட்டு நிறுத்தச் சொன்னேன். நின்றதும் ‘டம்’ என்று ஒரு சத்தம். பைப் முழுக்கக் குலுங்கியது. “அது எப்பவும் வர்ற சத்தம்தான்” என்றார். எனக்கு அந்தச் சத்தம்தான் கவலை.

கழற்றும்போதே மரை இருந்த இடத்தில் பைப் இரண்டாகி வந்துவிட்டது. உடைந்த விளிம்பை அவரிடம் காட்டினேன். முக்கால் வட்டம் கறுத்துத் துருவேறி இருந்தது. மிச்சக் கால் வட்டம் மட்டும் புது இரும்பாக மின்னியது. அதாவது, விரிசல் எப்போதோ விழுந்து, கொஞ்சம் கொஞ்சமாக வளர்ந்து, கடைசித் துண்டுதான் அன்று முறிந்திருக்கிறது.

ஒரு இஞ்ச் பி கிளாஸ் (நடுத்தர கன) பைப்பின் கனம் 3.2 மில்லிமீட்டர். மரை வெட்டும்போது அதில் கிட்டத்தட்ட பாதி போய்விடும், மேலே பூசிய துத்தநாகமும் போய்விடும். கடலோரத்து உப்புத் தண்ணீர் அந்த இடத்தைத்தான் முதலில் அரித்துக் குழி போடும். அப்புறம் அந்த ‘டம்’. மோட்டார் நின்றதும் மேலே ஏறிய தண்ணீர் திரும்பி இறங்கும், தண்ணீரைத் திரும்ப விடாமல் தடுக்கும் என்.ஆர்.வி. வால்வு தாமதமாக மூடினால் அந்தத் தண்ணீர் வந்து அதில் மோதும். நொடிக்கு 1 மீட்டர் வேகத்தில் வரும் தண்ணீர் சட்டென்று நின்றால், இரும்பு பைப்பில் எழும் அழுத்தம் 100 மீட்டர் உயரத் தண்ணீரின் அழுத்தத்தையும் தாண்டும். மாடித் தொட்டிக்கு வேண்டியதோ சுமார் 10 மீட்டர். தினம் இரண்டு தடவை மோட்டார் போட்டால் வருஷத்துக்கு 730 தடவை இந்த அடி விழும். ஒவ்வொரு அடிக்கும் குழியின் ஆழத்தில் விரிசல் துளி வளரும், உப்புத் தண்ணீர் உள்ளே போய் மேலும் அரிக்கும். துரு மட்டுமோ அடி மட்டுமோ இருந்தால் இன்னும் பல வருஷம் தாங்கியிருக்கும்.

தெருவுக்கு அடியில் கிடக்கும் பழைய வார்ப்பிரும்பு பைப்புகள் இதைவிட ஏமாற்றும். இரும்பு கரைந்து கிராஃபைட் மட்டும் மிஞ்சும். பார்க்க முழுசாக இருக்கும், ஸ்க்ரூடிரைவரால் குத்தினால் பென்சில் முனைபோல உதிரும். மேலே ஒரு லாரி போனால் போதும்.

கசிகிற துண்டை மட்டும் மாற்றாதீர்கள். பழைய பைப்போடு சேர்த்த புதுத் துண்டுதான் பல நேரம் முதலில் அரிக்கும். அந்த வீட்டில் ஏறு பைப் முழுவதையும் பிளாஸ்டிக்குக்கு மாற்றி, ஸ்பிரிங் வைத்த என்.ஆர்.வி. போட்டு, ஆடாதபடி கிளாம்ப் அடித்தோம். தொட்டியிலிருந்து இறங்கும் பைப் சுவருக்குள் போகிறதென்றால் இரவு எல்லாக் குழாயையும் மூடிவிட்டுத் தொட்டியில் தண்ணீர் மட்டத்தைக் குறித்து வையுங்கள். காலையில் யாரும் குழாயைத் திறக்கும் முன் பாருங்கள். மட்டம் இறங்கியிருந்தால், சுவரில் ஈரம் தெரியும்வரை காத்திருக்காமல் ஆளைக் கூப்பிடுங்கள்.