ஒரு நிமிடத்தில் வெளுக்கும் திசு

பாம்பன் பக்கம் கடற்பாசி எடுக்கும் வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார்: "முகாமில் கருப்பை வாயில் ஏதோ தடவிப் பார்த்துவிட்டு, வெளியே நின்ற என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டுப் பேசினார்கள். என்ன தடவினார்கள்? என்னிடம் ஏன் சொல்லவில்லை?"

தடவியது அசிட்டிக் அமிலம்; வினிகருக்குப் புளிப்பைத் தருவதும் அதுவே. கருப்பை வாய்ப் புற்றுநோய்க்குப் பெரும்பாலும் எச்.பி.வி. எனும் வைரஸே காரணம் என்பதும், தொற்று புற்றாக முற்றப் பல ஆண்டுகள் ஆகும் என்பதும் பலர் அறிந்தவை. அந்த இடைக்காலத்தில் மாறத் தொடங்கிய செல்களைக் காட்டிக்கொடுப்பதே 3 முதல் 5 விழுக்காடு அமிலக் கரைசலின் வேலை.

கணவாயை அடுப்பில் வைத்ததும், கண்ணாடி போலிருந்த சதை வெளுப்பதைப் பார்த்திருப்பீர்கள். வெப்பத்தில் புரதங்கள் திரண்டு, ஒளியை உள்ளே விடாமல் சிதறடிப்பதால் வரும் வெண்மை அது. அமிலமும் புரதத்தைத் திரளச் செய்யும். நலமான மேற்பரப்புச் செல்லில் உட்கரு சிறியது. எனவே அடியிலுள்ள இரத்த நாளங்களின் இளஞ்சிவப்பு அப்படியே தெரிகிறது. மாறிய செல்களிலோ புரதம் நிறைந்த பெரிய உட்கருக்கள் நெருங்கிக் கிடப்பதால், ஒரு நிமிடத்தில் அவ்விடம் மட்டும் வெளுத்து, சில நிமிடங்களில் மெல்ல மங்கிவிடுகிறது. நுண்ணோக்கி இல்லாமல், நல்ல விளக்கொளியில், செல்லின் உட்கரு பெருத்திருப்பதை ஒரு செவிலியர் வெறும் கண்ணால் அறிந்துகொள்வது எனக்கு இன்றும் வியப்பே. திண்டுக்கல் மாவட்டத்தில் நடந்து 2007-இல் வெளியான ஆய்வில், இச்சோதனை தரப்பட்ட ஊர்களில் இந்நோயால் நேர்ந்த இறப்பு 35 விழுக்காடு குறைந்திருந்தது.

அழற்சியிலும் வெண்மை தோன்றும் என்பதால், வெளுத்தாலே புற்றுநோய் என்று அஞ்ச வேண்டாம். மாதவிடாய் நின்ற பெண்களுக்குப் பார்க்க வேண்டிய பகுதி உள்ளே ஒதுங்கிவிடுவதால், இச்சோதனை பொருந்தாது. உலக சுகாதார நிறுவனம் 2021 முதல் பரிந்துரைக்கும் எச்.பி.வி. டி.என்.ஏ. சோதனைக்கு மாதிரியைப் பெண்ணே எடுத்துத் தரலாம். கடலோர முகாம்களுக்கு அரசு முதலில் பணம் ஒதுக்க வேண்டியது இதற்கே என்பது என் கருத்து.

இரண்டாம் கேள்விக்கு வருகிறேன். நீங்கள் படுத்திருந்த மேசையருகிலேயே ஒரு நிமிடத்தில் விடை தெரிந்துவிட்ட பிறகு, அதை உங்களிடம் சொல்லாததற்கு எந்த நியாயமும் இல்லை. மயக்கத்திலிருந்த பெண்ணின் கருப்பையை அவருடைய தாயின் ஒப்புதலோடு அகற்றிய வழக்கில், அந்த ஒப்புதல் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 2008-இல் தீர்ப்பளித்தது. நோயாளி கேட்டால் மருத்துவப் பதிவுகளை 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்கின்றன மருத்துவக் கவுன்சிலின் 2002-ஆம் ஆண்டு விதிகள்.

ஆகவே வெண்மை தெரிந்ததா, கருப்பை வாயை உருப்பெருக்கிப் பார்க்கும் கால்போஸ்கோப்பி சோதனைக்கு எங்கே, என்றைக்குப் போக வேண்டும் என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அது நீங்கள் பாசிக்குப் போகும் நாளாக இருந்தால், வேறு நாள் கேளுங்கள்.