பன்னிரண்டு பேரா, ஆறு பேரா?

ஃபுளோரிடாவில் ஒரு கொள்ளை வழக்கு. ஆறே பேர் இருந்த ஜூரி, அதாவது வழக்கைக் கேட்டு முடிவு சொல்லும் பொதுமக்கள் குழு, குற்றவாளி என்று முடிவு சொன்னது. ஆங்கிலேயச் சட்ட மரபில் ஜூரி என்றாலே 12 பேர்தான். ஆறு பேர் சொன்னது செல்லுமா என்ற கேள்வி 1970-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. செல்லும் என்றது நீதிமன்றம். 12 என்பது வரலாற்றில் தற்செயலாக வந்து ஒட்டிக்கொண்ட எண், ஆறு பேர் உட்கார்ந்தாலும் பெரிய வித்தியாசம் இருக்காது என்று காரணமும் சொன்னது.

வித்தியாசம் இருக்கிறது. பள்ளிக்கூடக் கணக்கிலேயே அது தெரிந்துவிடும். மக்களில் பத்தில் ஒருவர் ஒரு சிறுபான்மைப் பிரிவைச் சேர்ந்தவர் என்று வைத்துக்கொள்வோம். ஜூரியைக் குலுக்கிப் போட்டு எடுத்தால், ஓர் இடத்துக்கு அந்தப் பிரிவைச் சேராதவர் வர வாய்ப்பு 0.9. பன்னிரண்டு இடங்களும் அப்படியே நிரம்ப வேண்டுமானால் 12 முறை 0.9-ஐப் பெருக்க வேண்டும். சுமார் 28 சதவீதம் வரும். ஆக, 72 சதவீத ஜூரிகளில் அந்தப் பிரிவிலிருந்து ஒருவராவது இருப்பார். ஆறு பேர் என்றால் அது 47 சதவீதமாக இறங்கிவிடும். பாதிக்கும் மேற்பட்ட ஜூரிகளில் அவர்கள் குரலே கேட்காது.

சரி, உள்ளே போன பிறகு என்ன நடக்கிறது? பத்துக்கு இரண்டு என்று பிரிந்து நிற்பதும் ஐந்துக்கு ஒன்று என்று நிற்பதும் விகிதத்தில் ஒன்றுதான். ஆனால் அறைக்குள் தனியாக மாட்டிக்கொண்டவருக்கு விகிதம் துணைக்கு வராது. 1950-களில் உளவியலாளர் சாலமன் ஆஷ் இதைச் சோதித்துப் பார்த்தார். காட்டிய கோட்டின் நீளத்துக்குச் சமமான கோடு எது என்பது கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும். ஆனாலும் முன்கூட்டியே பேசிவைத்த ஆட்கள் எல்லோரும் தவறான கோட்டைக் காட்டியபோது, சோதனைக்கு வந்தவர்கள் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு தடவை அவர்களோடு சேர்ந்து தவறாகச் சொன்னார்கள். சரியாகச் சொல்ல இன்னும் ஒரே ஒருவர் இருந்துவிட்டால் போதும், இந்தத் தடுமாற்றம் வெகுவாகக் குறைந்தது. 12 பேர் ஜூரியில் அந்த இரண்டாவது ஆள் கிடைக்க வாய்ப்பு அதிகம்.

சட்ட ஆய்வாளர்கள் இதையெல்லாம் எழுதிக் குவித்தார்கள். 1978-ல் ஐந்து பேர் ஜூரி பற்றிய ஜார்ஜியா வழக்கு வந்தபோது, நீதிபதி ஹாரி பிளாக்மன் அந்த ஆய்வுகளை விரிவாக எடுத்துக்காட்டி, ஐந்து போதாது என்று எழுதினார். ஆனால் அந்த ஆய்வுகளில் பெரும்பாலானவை ஒப்பிட்டது ஐந்தையும் ஆறையும் அல்ல, ஆறையும் பன்னிரண்டையும். ஆறு போதாது என்று காட்டும் சான்றுகளை வைத்துக்கொண்டே ஆறை அப்படியே விட்டுவிட்டார்கள். எத்தனை முறை படித்தாலும் எனக்கு இது மனசு ஆறுவதில்லை.

எண்ணிக்கை மட்டும் போதாது. எத்தனை பேர் ஒத்துக்கொள்ள வேண்டும் என்பதும் பேச்சின் போக்கையே மாற்றிவிடும். மாதிரி ஜூரிகளை வைத்து நடந்த ஆய்வுகளில், பெரும்பான்மை போதும் என்று சொல்லப்பட்டவர்கள் தேவையான வாக்கு சேர்ந்ததும் பேச்சை முடித்துக்கொண்டார்கள். எல்லோரும் ஒத்துக்கொண்டாக வேண்டும் என்றபோது சாட்சியங்களைக் கூடுதல் நேரம் அலசினார்கள். பத்துக்கு இரண்டு என்ற முடிவையும் ஆரிகன் மாநிலம் ஏற்கலாம் என்று 1972-ல் சொன்ன அதே உச்ச நீதிமன்றம், 2020-ல் லூசியானா வழக்கில் மாறியது. கடுங்குற்ற வழக்குகளில் ஜூரி ஒருமித்தே குற்றவாளி என்று சொல்ல வேண்டும் என்பது இப்போது எல்லா மாநிலங்களுக்கும் பொருந்தும்.

ஆறு பேர் விஷயம் மட்டும் அப்படியே நிற்கிறது. 2024-ல் ஃபுளோரிடாவிலிருந்தே மறுபடி ஒரு மனு வந்தது. உச்ச நீதிமன்றம் அதை விசாரணைக்கு எடுக்கவில்லை. எடுத்திருக்க வேண்டும் என்று நீதிபதி நீல் கோர்சச் மறுப்பு எழுதினார். மரண தண்டனை வழக்குகளைத் தவிர மற்றக் குற்ற வழக்குகளில் ஃபுளோரிடாவின் ஜூரி அறைகளில் இன்றும் ஆறு நாற்காலிகள்தான்.