அட்லஸில் இருந்த வக்கீல் சீல்

"அண்ணே, இந்த சீலை மட்டும் எப்படியாவது அழிச்சுத் தாங்க. வேற ஆளுக்க பேரு கெடந்தா வாங்குறவன் சந்தேகப்படுவான்லா?"

தக்கலைப் பக்கமிருந்து வந்த தம்பி, பழைய வேட்டியில் சுற்றிக் கொண்டுவந்த புத்தகத்தை என் மேசைமேல் வைத்தார். நாகர்கோவிலில் பழைய நூல்களைச் செப்பனிடுவது என் தொழில். பெரும்பாலும் வேதப்புத்தகங்களும் ஜாதக நோட்டுகளும்தான் வரும். இது வேறு. கான்ஸ்டபிள் நிறுவனம் 1893இல் வெளியிட்ட இந்திய அட்லஸ். எடின்பரோவின் வரைபடக் கலைஞர் பார்த்தலோமியூ மேற்பார்வையில் உருவான 60 வரைபடங்கள். முதுகு கழன்றிருந்தது, ஓரங்களில் ராமபாணப் பூச்சி மேய்ந்திருந்தது. மற்றபடி தாள்கள் எல்லாம் இருந்தன.

முகப்புத் தாளில் ஊதா மையில் நீள்வட்ட சீல், வக்கீல் ஒருவருடைய பெயரோடு. எதிர்ப்பக்கத்தில் பழுப்பேறிய மையில் ஒரு வரி: '1074 தை, மேற்படி வக்கீலிடம் கிரயத்துக்கு வாங்கியது.' அடியில் கையெழுத்து. 1074 என்பது ஏதோ லைப்ரரி நம்பர் என்று தம்பி நினைத்திருந்தார்.

அது கொல்லம் ஆண்டு. 1956 நவம்பர் 1இல் தமிழகத்தோடு சேரும்வரை நம் மாவட்டம் மலையாள நாட்டோடு இருந்ததால், பத்திரம் முதல் ஜாதகம்வரை பழைய தாள்களில் அந்தக் கணக்குதான் கிடக்கும். ஆண்டு ஆவணியில் பிறக்கும். 1074 தை என்றால் 1899 ஜனவரி, பிப்ரவரி. அச்சாகி ஆறு வருடத்துக்குள் ஒரு கை மாறி வந்த புத்தகம்.

நிலம் வாங்கும்போது மூலப் பத்திரம் கேட்கிறோம், வில்லங்கம் போட்டுப் பார்க்கிறோம். பழைய அட்லஸுக்கு வில்லங்கச் சான்று தர எந்த ஆபீசும் கிடையாது. சீல், கையெழுத்து, பரிசு லேபிள், கடைக்காரர் ஒட்டிய சின்னச் சீட்டு, உள்ளே மறந்து வைத்த ரசீது, இவ்வளவுதான் பத்திரம். இங்கே சீலும் அந்தக் கிரய வரியும் ஒன்றுக்கொன்று சாட்சி. சீலை அழித்தால் 'மேற்படி வக்கீல்' யார் என்பதே போய்விடும்.

தம்பி பயந்தது நியாயமான பயம்தான். ஆனால் கள்ளன் செய்வது எதுவோ அதையே தானும் செய்யப் பார்த்தார். 2005இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழக நூலகத்தில் ஃபோர்ப்ஸ் ஸ்மைலி என்ற வரைபட வியாபாரி பிடிபட்டார். வாசிப்பறைத் தரையில் கிடந்த பிளேடு காட்டிக்கொடுத்தது. 97 வரைபடங்களைத் திருடியதாக ஒப்புக்கொண்டு மூன்றரை ஆண்டு சிறைத்தண்டனை பெற்றார். திருட்டு வரைபடத்தில் நூலக முத்திரையைச் சுரண்டுவதும் ஓரத்தை நறுக்குவதும் பழைய வழக்கம். விவரம் தெரிந்த வாங்குபவர் அந்நியர் பெயரைப் பார்த்து மிரளமாட்டார், சுரண்டிய தடத்தைப் பார்த்துத்தான் மிரளுவார்.

அழித்தாலும் முழுதாகப் போகாது. மாசிக்காயும் இரும்பு உப்பும் சேர்ந்த பழைய எழுதுமை, கண்ணுக்கு மறைந்த பிறகும் புற ஊதா விளக்கில் கறுப்பாக எழும்பி நிற்கும். ஊதா சீல் மை இன்னும் மோசம், ஸ்பிரிட் பட்டால் கரைந்து தாளுக்குள் ஓடும். தம்பி வரும் முன்பே ஒரு ஓரத்தில் சானிடைசர் தொட்டுப் பார்த்திருக்கிறார். ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு இளஞ்சிவப்புக் கறை. அதை என்னால் எடுக்க முடியவில்லை, இனியும் முடியாது.

ஒன்று மட்டும் கவனிக்க வேண்டும். இருக்கும் சீல் ஒரு பள்ளியுடையதாகவோ நூலகத்துடையதாகவோ இருந்து, அவர்களே வேண்டாமென்று கழித்துக்கட்டியதற்கான குறிப்பு இல்லையென்றால், விற்பதற்கு முன் அவர்களிடம் கேட்டுவிடுங்கள். சங்கடமாகத்தான் இருக்கும். அப்புறம் வரும் சங்கடத்துக்கு இது பரவாயில்லை.

ஃபிரேம் போட்டு மாட்டுவதற்காக ஒவ்வொரு தாளாக வெட்டி விற்பவர்களும் உண்டு. தனித்தனியாக விற்றால் கூடுதல் காசு வருமாம். எனக்கு இதில் கோபம் உண்டு, மறைக்கவில்லை. ஆர்டீலியஸ் என்ற வரைபடக் கலைஞர் 1570இல் ஐரோப்பாவின் ஆன்ட்வெர்ப் நகரில் வெளியிட்ட அட்லஸில் வரைபடத்தின் பின்பக்கம் விளக்கம் அச்சாகியிருக்கும். லத்தீன், டச்சு, பிரெஞ்சு என்று பதிப்புக்குப் பதிப்பு மொழி மாறும். எந்தப் பதிப்பு என்று சொல்ல அந்தப் பின்பக்கம் பெரிய துணை. ஃபிரேமுக்குள் போனால் அது சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கும். முதல் உடைமையாளரின் கையெழுத்தோ முன் தாளோடு வேறெங்கோ போயிருக்கும்.

செல்லோடேப் ஒட்டாதீர்கள், லேமினேஷன் செய்யாதீர்கள். அட்லஸ் கனமானது, நிற்க வைத்தால் முதுகு தொங்கிப் பிய்யும், படுக்கப் போடுங்கள். இரண்டு மழைக்காலம் உள்ள ஊர் இது, ஈரச்சுவரை ஒட்டிய பீரோ வேண்டாம். பெயர் எழுதிய பக்கங்களைப் பக்கவாட்டு வெளிச்சத்தில் போட்டோ எடுத்து வையுங்கள். வீட்டில் பெரியவர்கள் சொல்வதைத் தனித்தாளில் எழுதி வையுங்கள்.

முதுகை ஒட்டிக் கொடுத்த அன்று தம்பி தன் அம்மாவையும் கூட்டி வந்திருந்தார். தென்னிந்தியத் தாளை விரித்தேன். நாகர்கோவிலில் தொடங்கித் திருநெல்வேலி, தூத்துக்குடி, அங்கிருந்து கடல் தாண்டிக் கொழும்புவரை ஒரு பென்சில் கோடு. பக்கத்தில் '1082 சித்திரை.' அதாவது 1907, வ.உ.சி.யின் சுதேசிக் கப்பல்கள் அந்தக் கடலில் ஓடிய காலம். யாரோ பிள்ளைகள் கிறுக்கியது, ரப்பரால் அழித்துவிடலாம் என்று தம்பி முன்பே சொல்லியிருந்தார்.

அம்மா குனிந்து பார்த்தார். "மக்களே, இது எங்க மாமனாருக்க பெரியப்பா சிலோனுக்குப் போன வழியாக்கும். போனவரு திரும்பி வரவே இல்ல."

சீலைப் பற்றித் தம்பி அப்புறம் கேட்கவில்லை. அட்லஸை விற்கவும் இல்லை என்று கேள்வி.