மாத்திரை வாங்கிய கையோடு கேட்க வேண்டியவை

சர்க்கரை நோய்க்கு மாத்திரை வீடு தேடி வரும் என்பது நீலகிரியில் அநேகமாக எல்லோருக்கும் தெரியும். மாத்திரையைக் கொண்டுவரும் பெண்ணிடம் நோயைப் பற்றிக் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம், சுகாதார நிலையத்தில் காலையும் கண்ணையும் பார்க்கச் சொல்லிக் கேட்கலாம் என்பது பலருக்குத் தெரியவில்லை. நான் எழுத வந்தது அதைப் பற்றித்தான்.

‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தை 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் முதல்வர் மு.க. ஸ்டாலின் தொடங்கிவைத்தார். மகளிர் சுயஉதவிக் குழுக்களிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்ட தன்னார்வலர்கள் வீடு வீடாகச் சென்று இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கிறார்கள். அளவு கூடுதலாக இருந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்புகிறார்கள். அங்கே மருத்துவர் நோயை உறுதிசெய்து எழுதித் தரும் மருந்துதான் பிறகு வீட்டுக்கு வருகிறது. 45 வயதைத் தாண்டியவர்களுக்கும் நடமாட முடியாதவர்களுக்கும் இதில் முன்னுரிமை. எதற்கும் காசு கிடையாது.

என் அம்மா கோத்தகிரிப் பக்கம் ஒரு தோட்டத்தில் முப்பது ஆண்டுகள் கொழுந்து பறித்தவர். ஒருநாள் கூட மாத்திரையைத் தவறவிட்டதில்லை. ஒரு மழைக்கால மாலையில் வீடு திரும்பி ரப்பர் பூட்ஸைக் கழற்றியபோது காலுறை முழுக்க இரத்தம். கவாத்து வெட்டிய தேயிலைக் குச்சி ஒன்று பூட்ஸுக்குள் விழுந்து, காலையிலிருந்து பெருவிரலுக்கடியில் குத்திக்கொண்டே இருந்திருக்கிறது. அம்மாவுக்கு வலிக்கவே இல்லை. சர்க்கரை பல ஆண்டுகளாகக் கட்டுக்குள் இல்லாவிட்டால் பாதத்து நரம்புகள் மரத்துப்போகும் என்று அதுவரை யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. அந்தப் புண் ஆற மூன்று மாதமாயிற்று. இப்போது பூட்ஸைக் கவிழ்த்துத் தட்டி, உள்ளே கைவிட்டுத் துழாவிய பிறகே காலை நுழைக்கிறார். இரவில் என் மகள் பாட்டியின் உள்ளங்காலை டார்ச் அடித்துப் பார்க்கிறாள், அட்டை கடித்த இடங்களையும் சேர்த்து.

ஆகவே, ஆண்டுக்கு ஒரு முறையாவது பாதம், கண், சிறுநீரகம் ஆகிய மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். பாதத்துக்கென்றே ‘பாதம் பாதுகாப்போம்’ என்ற திட்டத்தையும் தமிழக அரசு கொண்டுவந்திருக்கிறது. மூன்று மாதச் சராசரி சர்க்கரையைக் காட்டும் இரத்தப் பரிசோதனையைப் பற்றியும் கேளுங்கள். அன்றைக்கு மட்டும் வாயைக் கட்டிக்கொண்டு போனாலும் அந்தச் சோதனையில் உண்மை தெரிந்துவிடும்.

அடுத்துக் கேட்க வேண்டியது, ‘என் மாத்திரையால் சர்க்கரை மிகவும் இறங்குமா?’ என்பது. மெட்ஃபார்மின் மட்டும் சாப்பிடுகிறவர்களுக்கு அந்த ஆபத்து மிகக் குறைவு. கிளிமிபிரைடு போன்ற மாத்திரைக்கும் இன்சுலினுக்கும் அது உண்டு. காலையில் மாத்திரையைப் போட்டுக்கொண்டு, வெறும் தேநீரோடு சரிவில் ஏறிக் கொழுந்து பறிப்பவருக்குப் பத்து பதினொரு மணிக்குக் கை நடுங்கும், வியர்க்கும், கண் இருட்டும். வேலைக் களைப்பு என்று நினைத்து விட்டுவிடக் கூடாது. உடனே மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையை வாயில் போட்டுக்கொண்டு உட்கார வேண்டும். கால் மணி நேரத்தில் தெளியாவிட்டால் மறுபடியும் அதே அளவு. தெளிந்ததும் சாப்பாடு. ஆள் மயங்கிவிட்டால் வாயில் எதையும் ஊற்றாமல் 108-ஐ அழைக்க வேண்டும்.

மயங்குகிறவர் தனக்குத் தானே உதவ முடியாது. அதனால் பக்கத்து நிரையில் பறிப்பவருக்கும் கங்காணிக்கும் உங்களுக்குச் சர்க்கரை இருப்பது தெரிந்திருக்க வேண்டும். இதைச் சொல்ல எங்கள் லைனில் (தோட்டத் தொழிலாளர் குடியிருப்பில்) இன்னும் வெட்கப்படுகிறார்கள், முக்கியமாகப் பெண்கள். தன்னார்வலர் வரும் நாளில் வீட்டில் சமைப்பவரையும் பக்கத்தில் உட்கார வையுங்கள். சோற்றின் அளவைக் குறைப்பது ஒருவர் தட்டில் மட்டும் நடந்தால் ஒரு வாரம்கூடத் தாங்காது.

இன்சுலின் போடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பிரிக்காத மருந்தை ஃப்ரிட்ஜில் வையுங்கள், ஃப்ரீசரில் வேண்டாம். மார்கழி உறைபனியில் ஊட்டிப் பக்கம் வெளித் திண்ணையிலோ ஜன்னல் விளிம்பிலோ வைத்துவிடாதீர்கள். ஒரு முறை உறைந்த இன்சுலின் உருகிய பிறகும் பயன்படாது.

உங்கள் வீட்டுக்குத் தன்னார்வலர் வரவே இல்லை என்றாலோ, வேறு தோட்டத்துக்குக் குடிபோய்ப் பெயர் விட்டுப்போயிருந்தாலோ, பழைய மருந்துச் சீட்டையும் ஆதார் அட்டையையும் எடுத்துக்கொண்டு அருகிலுள்ள துணை சுகாதார நிலையத்துக்குப் போய் கிராம சுகாதார செவிலியரைப் பாருங்கள். பெயரைச் சேர்க்கச் சொல்லுங்கள். போக முடியாதவர்கள் 104 என்ற மருத்துவ உதவி எண்ணுக்கு அழைத்துக் கேட்கலாம். பெயர் சேரும்வரை மருந்தை நிறுத்த வேண்டாம், ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே நேரில் வாங்கிக்கொள்ளலாம்.