கில்ட் கொசுவம்: கட்டம் சேர மடிப்பதா, கோடு பிடித்து மடிப்பதா?

கில்ட் என்றால் ஸ்காட்லாந்து ஆண்கள் போடும் கட்டம் போட்ட பாவாடை என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறோம். அந்தச் சொல் முதலில் பாவாடையைக் குறிக்கவே இல்லை. ஸ்காட்ஸ் மொழியில் கில்ட் முதலில் ஒரு வினைச்சொல், உடுத்தியிருக்கும் துணியைத் தூக்கிச் செருகுவது என்று பொருள். ஸ்காண்டிநேவிய மொழிகள் வழியாக வந்த சொல் இது, டேனிஷில் கில்டெ என்பதற்கும் இதே பொருள்தான். அதை உடுத்திய, ஸ்காட்லாந்தின் மலைப்பகுதியான ஹைலாண்ட் மக்களோ தங்கள் கேலிக் மொழியில் அந்த உடையைச் சுற்று என்றே சொன்னார்கள்: ஃபேலா மோர் பெரிய சுற்று, ஃபேலா பெக் சின்னச் சுற்று.

16ஆம் நூற்றாண்டின் கடைசியில் வழக்குக்கு வந்த பெரிய சுற்றில் தையல் கிடையாது, நீளமான கம்பளித் துணியைக் கையால் கொசுவி இடுப்பில் வாரால் இறுக்கிக்கொள்வார்கள். மடிப்பைத் தைத்தே வைக்கும் கில்ட் 1790களை ஒட்டித்தான் வருகிறது, அதற்குப் பிறகுதான் எந்தக் கோடு வெளியே தெரிய வேண்டும், எது உள்ளே போக வேண்டும் என்ற கேள்விக்கே இடம் வருகிறது.

சரி, பிளீட்டுக்குத் தமிழ் என்ன? மூலச் சொல் லத்தீனில் மடிப்பது என்று பொருள்படும் பிளிகாரே, அது பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. முடிப்பின்னலைக் குறிக்கும் பிளாட்டும் அதே வேர்தான். நம்மிடம் மடிப்பு இருக்கிறது, ஆனால் சட்டையை நான்காக மடித்து வைத்தாலும் அதுவும் மடிப்புதானே. ஒரே அளவில் மடித்து அடுக்கிச் சேர்த்த தொகுதிக்கு நம் சொல் கொசுவம். கொய்தல் என்றால் பூப்பறிப்பது மட்டும் இல்லை, துணியைச் சுருக்கி மடிப்பதும்தான், அதிலிருந்து கொய்சகம், அது வாயில் தேய்ந்து கொசுவம். கில்ட்டின் முன்பக்கம் தட்டையாக ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு பட்டைகள் இருக்கும், மடிப்பு முழுவதும் பின்னால்தான், நம் பாட்டிமார் பின்கொசுவம் வைத்துச் சேலை கட்டியதைப் போல. அதனால் ஒவ்வொன்றையும் மடிப்பு என்றும், மொத்தமாகச் சேர்ந்ததைக் கொசுவம் என்றும் சொல்வதுதான் சரி என்பேன். கில்ட் என்ற பெயர் அப்படியே இருக்கட்டும்.

இப்போது இரண்டில் எப்படி மடிப்பது என்ற தேர்வுக்கு வருவோம். கில்ட் தைக்கும் கட்டம் போட்ட டார்டன் துணியில் வண்ணக் கோடுகள் ஒரு வரிசையில் போய்த் திரும்பத் திரும்ப வரும். அந்த ஒரு முழுச் சுற்றுக்கு செட் என்று பெயர். கட்டம் சேர மடித்தால் ஒவ்வொரு மடிப்பின் வெளிமுகத்திலும் செட்டின் அடுத்த துண்டு வந்து உட்காரும், பின்னால் பார்த்தாலும் முன்னால் இருக்கும் அதே கட்டம் உடையாமல் தெரியும். கோடு பிடித்து மடித்தால் எல்லா மடிப்பிலும் ஒரே கோடு நடுவில் நிற்கும், மற்ற நிறங்கள் உள்ளே ஒளிந்துகொண்டு நடக்கும்போது விசிறியடித்து வெளியே வரும். இது ஸ்காட்லாந்துப் படைப்பிரிவுகளின் வழக்கம், கார்டன் ஹைலாண்டர்ஸ் கில்ட்டில் பின்னால் வரிசையாக நின்றது மஞ்சள் கோடு. ஹைலாண்ட் உடையைத் தடை செய்த 1746ஆம் ஆண்டுச் சட்டம், 1782இல் நீக்கப்படும் வரை, ராணுவத்தில் இருந்தவர்களைக் கட்டுப்படுத்தவில்லை, கில்ட் வரலாற்றில் பட்டாளத்தின் கை ஓங்கியிருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

துணிக் கணக்கும் மாறும். செட் 6 அங்குலம், மடிப்பின் வெளிமுகம் முக்கால் அங்குலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கோடு பிடித்தால் ஒரு மடிப்பிலிருந்து அடுத்ததற்குச் சரியாக 6 அங்குலம் நகர வேண்டும். கட்டம் சேர வேண்டுமென்றால் ஆறே முக்கால். 27 மடிப்புக்கு முதலாவது 162 அங்குலம், இரண்டாவது ஏறத்தாழ 182, அதாவது அரை கஜத்துக்கும் மேலே வித்தியாசம். 8 கஜக் கில்ட் என்று சொல்கிறார்களே, அத்தனை துணியும் இப்படித்தான் உள்ளே போகிறது. செட் ரொம்பச் சின்னதாக இருந்தால் ஒரு மடிப்புக்கு இரண்டு செட் விழுங்க வைக்கலாம்.

அப்புறம் இடுப்புப் பக்கம். மடிப்பு கீழே அகலம், இடுப்பில் குறுகல், அதனால் கட்டம் சேர மடிக்கும்போது மேலே போகப்போகக் கட்டமும் ஒரே சீராகக் குறுகிக்கொண்டே வர வேண்டும், ஒரு மடிப்பில் நூல் பிசகினாலும் கண்ணில் பட்டுவிடும். கோடு பிடித்ததில் நடுக்கோடு நடுவிலேயே நிற்கிறதா என்று பார்த்தால் போதும்.

என்னைக் கேட்டால் கட்டம் சேர்வதுதான் அழகு, தறியில் நெய்தவர் யோசித்த வரிசை முழுதாகத் தெரிகிறது. ஆனால் எல்லாத் துணிக்கும் அது பொருந்தாது. கருநீலமும் கரும்பச்சையுமாக இருக்கும் துணியில் மெல்லிய வெள்ளைக் கோடு ஒன்று ஓடினால் அதைப் பிடித்து மடியுங்கள், பின்பக்கம் உயிர்பெறும். சிவப்புத் துணியில் பச்சைப் பட்டையைப் பிடித்தாலோ முன்னால் சிவப்பு, பின்னால் பச்சை என்று இரண்டு உடை மாதிரி ஆகிவிடும், குறுக்குக் கோடுகளும் பட்டை பட்டையாகத் தூக்கலாகத் தெரியும். புக்கானன் டார்டன் மாதிரி இடமும் வலமும் ஒன்றாக இல்லாத வரிசையில் கோட்டை நடுவில் வைத்தாலும் இருபுறமும் வேறு நிறம் எட்டிப்பார்க்கும். அதனால் கத்தரியை எடுப்பதற்கு முன்னால் ஆறேழு மடிப்பை இரண்டு விதமாகவும் குண்டூசி குத்திப் போட்டுவிட்டு, பத்தடி தள்ளி நின்று பாருங்கள்.