பில் பதிவது ஏஜென்ட், பணம் விடுவது யார்?

திருப்பூர்ப் பக்கம் நான் தணிக்கை பார்க்கும் சில பனியன் கம்பெனிகளில் இப்போது பில் பதிவது ஏஐ ஏஜென்ட்தான். நூல் மில், சாயப்பட்டறை, பிரிண்டிங் என்று மெயிலில் வரும் பில்லைப் படித்து, பர்ச்சேஸ் ஆர்டரோடும் ஜிஎஸ்டிஆர்-2பியோடும் (சப்ளையர்கள் தாக்கல் செய்த பில்கள் ஜிஎஸ்டி தளத்தில் நம் பெயரில் வரும் பட்டியல்) ஒத்துப்பார்த்து, பேமென்ட் பட்டியல் வரை போட்டு வைத்துவிடுகிறது. வேலை சுத்தம். ஜிஎஸ்டி எண்ணில் ஒரு எழுத்து மாறியிருந்தாலும் நம் கண்ணில் படும் முன்பே அது பிடித்துவிடும்.

எனக்கு உறுத்தும் இடம் வேறு. "எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது, இனி இதில் போடவும்" என்று சப்ளையர் பெயரில் ஒரு மெயில் வருகிறது, லெட்டர்பேடு இணைப்போடு. அனுபவப்பட்ட அக்கவுண்டன்ட் என்றால் போனைப் போட்டு, "அண்ணே, அக்கவுன்ட் மாத்திட்டீங்களா?" என்று கேட்டுவிடுவார். ஏஜென்ட்டுக்கு அதுவும் ஒரு திருத்தம். தடுத்து வைக்காவிட்டால் மாஸ்டரில் (சப்ளையரின் வங்கி விவரம் இருக்கும் நிலையான பதிவு) மாற்றிவிட்டு அடுத்த பில்லுக்குப் போய்விடும். பழைய மோசடிதான், ஏமாறும் ஆள்தான் புதுசு. அந்த மாஸ்டரைத் தொடும் அனுமதியே அதற்கு வேண்டாம். ஏற்கெனவே நம்மிடம் இருக்கும் நம்பரில் கூப்பிட்டுக் கேட்ட பிறகு (மெயிலில் உள்ள நம்பரில் அல்ல) ஒருவர் கையால் மாற்றட்டும்.

அதற்காக எல்லாவற்றுக்கும் அப்ரூவல் வைத்தால் என்ன ஆகும் என்பது தெரிந்ததுதான். முதலாளி சாயங்காலம் கார் ஏறிக்கொண்டே நூறு பில்லுக்கு ஓகே தட்டுவார். அதை மேற்பார்வை என்று நான் எழுதித் தர மாட்டேன். தப்பாகப் பதிந்த பில்லை மறுநாள் திருத்தலாம். ஆர்டிஜிஎஸ்ஸில் போன பணத்தை அப்படித் திருப்ப முடியாது. வரி கட்டித் தாக்கல் செய்த ஜிஎஸ்டி ரிட்டர்னான ஜிஎஸ்டிஆர்-3பியையும் மாற்ற முடியாது, அடுத்த மாதத்தில்தான் சரிக்கட்ட வேண்டும். ஆள் உட்கார வேண்டியது இந்த இடங்களில். வங்கியில் ஏஜென்ட் மேக்கராக, அதாவது பேமென்ட்டைப் பதிந்து வைப்பவராக, இருக்கட்டும். அதைச் சரிபார்த்துப் பணத்தை விடும் செக்கர் லாகினும் ஓடிபியும் மனிதரிடம். ஓடிபியையும் அதுவே படித்துக்கொள்ளுமா என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள்!

இன்னொன்று, லாகின். கம்பெனிகளுக்கு 2023 ஏப்ரல் 1 முதல் கணக்கு மென்பொருளில் எடிட் லாக் (எந்த என்ட்ரியை யார், எப்போது மாற்றினார் என்ற பதிவு) கட்டாயம். ஏஜென்ட்டுக்கு அக்கவுண்டன்டின் லாகினையே கொடுத்துவிட்டால், ராத்திரி இரண்டு மணிக்கு அவர் உட்கார்ந்து என்ட்ரி திருத்தியதாக லாக் சொல்லும். பிரச்சினை வந்தால் மாட்டுவது அவர். 'மெஷின் செய்தது' என்ற பேச்சும் எடுபடாது: கனடாவில் ஏர் கனடா விமான நிறுவனம், பயணி ஒருவருக்குத் தப்பான தகவல் சொன்ன தன் சாட்பாட் தனக்குத்தானே பொறுப்பு என்கிற மாதிரி வாதாடிப் பார்த்தது, 2024 பிப்ரவரியில் தீர்ப்பாயம் அதை ஏற்காமல் அந்தப் பயணிக்கு இழப்பீடு தரச் சொன்னது.

ஏஜென்ட்டுக்குத் தனி யூசர் ஐடி போட்டு, அதில் மாஸ்டர் திருத்தத்தையும் பேமென்ட் ரிலீஸையும் பூட்டச் சொல்லுங்கள். சாப்ட்வேர்காரரிடம் இந்த வாரமே பேசிவிடலாம்.